தெரியாததை எக்ஸ் என்று வை

எனக்கு எழுபத்து மூன்று வயது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தும் படித்தன. நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் கட்டைவிரலை நீட்டியவள் இல்லை நான். மெதுவாகப் படிப்பேன், அதைவிட மெதுவாக எழுதுவேன். இதை எழுத ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்த வீட்டில் ஆளில்லை.

வீடு கடலூரில், செம்மங்குப்பம் பக்கம். காற்று திரும்பினால் இன்றைக்கு எந்தக் கெமிக்கல் கம்பெனி ஓடுகிறது என்று மூக்கே சொல்லிவிடும். வீட்டுக்காரர் அங்கே ஒரு கம்பெனியில்தான் டிரம் கழுவுகிற வேலையில் இருந்தார். கடல் பொங்கிய வருஷத்துக்கு மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். மூத்தவள் திட்டக்குடியில் இருக்கிறாள். பையன்களில் இரண்டு பேர் சென்னையில், ஒருத்தன் துபாயில். கடைசிப் பெண் சிதம்பரத்தில் நர்சு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நான் வீடு வந்து சேர்ந்ததும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் போன் போடுவார்கள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கரண்டு இருக்கிறதா. மற்ற நாளில் அந்த போன் அலமாரி மேல் சும்மா கிடக்கும். தூசி துடைக்கும்போது எடுத்து, இரைச்சல் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைப்பேன்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு சாயங்காலம், கோயிலில் ஆறு மணி அடித்து முடிந்ததும், அது தானாக அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிப்போய் எடுத்தேன். சிதம்பரத்துப் பேத்தி. கடைசிப் பெண்ணின் மூத்தவள். ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகப்போகிறாள்.

"ஆயா, ஒனக்கு இப்ப வேல இருக்கா?"

"எனக்கென்னாடி வேல. கலெக்டர் ஆபீசுக்கா போவப்போறேன்."

"அப்ப உக்காரு. நான் ஒனக்குக் கணக்குப் பாடம் நடத்தப்போறேன்."

"எனக்கா? எதுக்கு?"

"டியூஷன் மிஸ் சொல்லிட்டாங்க. யாருக்காவது சொல்லிக்குடுத்தாதான் நமக்கு மண்டையில நிக்குமாம். அம்மா டூட்டிக்குப் போயிடுது. அப்பா ரெண்டு வரி சொல்றதுக்குள்ள கொறட்ட விடுறாரு. தம்பி ஓடிப்போயிடுறான்."

"அதனால ஓட முடியாத கெழவியப் புடிச்சிக்கினியா?"

"அதுமட்டுமில்ல ஆயா. ஒனக்கே புரிஞ்சிடுச்சின்னா வேற யாருக்கு வேணா புரியும்."

சுருக்கென்றது. இந்தத் தெருவில் என்னை ஏய் என்று கூப்பிட்டவர் கிடையாது. கூட்டுறவுக் கடையில் எடை குறைந்தால் எனக்குத்தான் ஆள் விடுவார்கள், நான் போய் நின்றால் முள் நேராகும். அப்படிப்பட்டவளைப் பார்த்து இந்தச் சொல். போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை. வைத்தால் அடுத்த பேச்சு ஞாயிற்றுக்கிழமைதான்.

"சொல்லு," என்றேன்.

"தெரியாதத எக்ஸ்னு வெச்சிக்க."

"தெரியாதத எப்பிடிடி வெக்கிறது?"

"பேரு தெரியாத ஆளு வாசல்ல வந்து நின்னா என்னா சொல்லுவ?"

"யாருப்பாம்பேன்."

"அதான் எக்ஸ். பேரு அப்புறமா தெரியும். மொதல்ல உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிடணும்."

நல்ல பிள்ளை. அவள் சொன்னது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. கணக்கில் எதைத் தேடுகிறோமோ அதைத் தேடுவதற்கு முன்பே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட வேண்டும். பிறகு அதோடு பேசிப் பேசி, நீ யார் என்று அதன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

முதல் கணக்கு ஆசிட் கணக்கு. புத்தகத்தில் கலவைக் கணக்கு என்று பேர்.

"ஒரு கேன்ல பத்து லிட்டர் ஆசிட் கரைசல் இருக்கு ஆயா. நூத்துக்கு நாப்பது ஆசிட், மிச்சம் தண்ணி. அத நூத்துக்கு இருபத்தஞ்சு ஆக்கணும். எத்தன லிட்டர் தண்ணி ஊத்தணும்?"

"யாருடி ஆசிட்டுல போயித் தண்ணிய ஊத்துறது? தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும். ஒன் தாத்தா எத்தன வாட்டி சொல்லியிருக்காரு. மாத்தி ஊத்துனா மூஞ்சியில அடிக்கும்."

"ஆயா, புஸ்தகத்துல அடிக்காது."

அவர் சட்டைகளில் எப்போதும் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். தைத்துத் தைத்து என் கண் போயிற்று. அந்தக் கேனைப் பற்றிப் பேத்தி சொல்லச் சொல்ல எனக்கு நீலக் கேன் தெரிந்தது, அதன் மூடியைத் திருகும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது தெரிந்தது. அதற்குள் அவள் பாதிக் கணக்கைத் தாண்டிப் போயிருந்தாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

"இத மட்டும் ஞாபகம் வெச்சிக்க ஆயா. தண்ணி ஊத்துனா ஆசிட் எங்கயும் போவாது. ஊத்துறதுக்கு முன்னால எத்தன லிட்டர் ஆசிட் இருந்துதோ, ஊத்துன பின்னாலயும் அத்தன லிட்டர்தான். இந்தப் பக்கம் நாப்பது பெருக்கல் பத்து. அந்தப் பக்கம் இருபத்தஞ்சு பெருக்கல், பத்தும் எக்ஸும் சேர்த்து. ரெண்டும் சமம்."

அன்றைக்கு எனக்கு விடை வரவில்லை. போனை வைத்த பிறகு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துச் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டேன். அதில் இன்னும் தண்ணீர் ஊற்றினேன். நிறம் வெளுத்தது. ஆனால் நீலம் அதே இரண்டு சொட்டுதான், எங்கேயும் போகவில்லை. நாள்காட்டியில் கிழித்த தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு அவள் சொன்னதை நினைவிலிருந்து எழுதினேன். நானூறு ஒரு பக்கம். இருநூற்றைம்பதும் இருபத்தைந்து எக்ஸும் ஒரு பக்கம். இருநூற்றைம்பதைக் கழித்தால் நூற்றைம்பது. எக்ஸ் ஆறு. ஆறு லிட்டர் தண்ணீர். ஊற்றினால் மொத்தம் பதினாறு லிட்டர், அதில் நாலு லிட்டர் ஆசிட், சரியாகக் கால்வாசி. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வெளியே எதிர்வீட்டுக்காரி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் எக்ஸ் ஆறு என்றா சொல்வது.

மறுநாள் சாயங்காலம் மணி அடித்ததும் போன் அடித்தது. ஆறு என்று சொன்னேன். பேத்தி ஓ என்று கத்தினாள். அதற்கப்புறம் தினமும்.

இரண்டாவது வகைக் கணக்குதான் கஷ்டம். இரண்டு கரைசல். ஒன்று நூற்றுக்கு இருபது, இன்னொன்று நூற்றுக்கு ஐம்பது. இரண்டையும் கலந்து நூற்றுக்கு நாற்பதாக முப்பது லிட்டர் வேண்டும். எதில் எவ்வளவு?

"தெரியாதது ரெண்டு இருக்கேடி. ரெண்டு பேரு வாசல்ல நிக்கிறாங்க."

"ஒருத்தர மட்டும் எக்ஸ்னு வெய்யி. இன்னொருத்தருக்குப் பேரு வேணாம். முப்பதுல எக்ஸ் போவ மீதி, அவ்ளோதான்."

மீதி என்று அவள் சொன்னதும் எனக்கு வெளிச்சமாகிவிட்டது. ஐந்து பிள்ளைக்கும் அவருக்கும் குழம்பை ஊற்றிய பிறகு சட்டியில் இருப்பது எவ்வளவு என்று நான் ஒரு நாளும் தனியாக அளந்ததில்லை. மொத்தத்தில் அவர்களுக்குப் போனது போக மீதி. அதற்குத் தனியாகப் பேர் எதற்கு. அந்த மீதியில்தான் நானும் இத்தனை வருஷம் திடமாக இருக்கிறேன்.

"புரிஞ்சுடுச்சு," என்றேன்.

"நெஜமாவா? சரி ஆயா, வெச்சிடுறேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

இன்னும் தெருவிளக்குகூட எரியவில்லை. ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புரியாத நாளில் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். திரும்பத் திரும்பச் சொல்லும்போது அவள் வாயிலிருந்து வேறு வேறு பேச்சும் விழும். பக்கத்து பெஞ்சுப் பெண் பேசாமல் போய்விட்டாள் என்பாள். தம்பிக்குக் காய்ச்சல் என்பாள். அம்மா நைட் டூட்டி முடிந்து வந்து யாரோடும் பேசாமல் படுத்துவிட்டது, அப்பா தோசை ஊற்றினார், எல்லாம் பிய்ந்துபோயிற்று என்பாள். பத்தாவது என்றால் பயமாக இருக்கிறது ஆயா என்பாள். ஞாயிற்றுக்கிழமை போனில் எவரும் இதையெல்லாம் சொல்வதில்லை. பாலும் தண்ணீரும் மாதிரி அந்தப் பேச்சு கணக்கோடு கலந்துதான் வந்தது. கணக்கு தீர்ந்தால் அதுவும் தீரும்.

மறுநாள் அவள் கேட்டாள்: "நேத்து கணக்கு ஞாபகம் இருக்கா ஆயா? விட சொல்லு."

விடை என் நாக்கு நுனியில் இருந்தது.

"அந்த மீதிங்கிறது எங்கேருந்து வந்துது?" என்றேன்.

அதில் தொடங்கியது. எத்தனையோ நாள் அந்த ஒரே கணக்கு. எண்ணை மாற்றிச் சொல்வாள், நான் முப்பதை மறந்த மாதிரி இருப்பேன். சதவீதத்தை லிட்டரோடு கூட்டுவேன். தெரியாதவள் செய்கிற தப்பு எது என்று தெரிந்தவளுக்குத்தான் தெரியும், அதனால் நான் ஒரு தப்பையே இரண்டு முறை செய்யாமல் பார்த்துக்கொண்டேன். அவள் திட்டுவாள். என் காது மந்தம் என்று அவள் போனில் கத்தித்தான் பேசுவாள், அது வாசல்வரை கேட்கும்.

"ஐயோ ஆயா! ஒன் மண்டையில என்னா களிமண்ணா இருக்கு?"

எதிர்வீட்டுக்காரி முறத்தோடு வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவள். அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

"என்னாக்கா, பேத்தி இந்த வாங்கு வாங்குது? எங்க மாமியாகூட என்ன இப்பிடித் திட்டுனதில்ல. ஊருக்கே நாயம் சொல்றவ, ஒரு பொடிசுகிட்ட ஙேன்னு முழிக்கிறியே."

"நீ கீரைய ஆயி. பூச்சி கெடக்கப் போவுது," என்பேன். அதற்கு மேல் அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது. போனை வைத்த பிறகு கணக்கை முழுசாகப் போடுவேன். விடை வரும். சரிபார்ப்பேன், அதுவும் வரும். பிறகு அந்தத் தாளை வெந்நீர் அடுப்பில் வைத்துவிடுவேன். அவ்வளவு திமிர் பிடித்தவள் இவ்வளவு திட்டு வாங்கியது எதற்கு என்று கேட்டால், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு குரல் கேட்பதற்கு. அது எனக்கு மலிவாகத்தான் பட்டது.

கிறிஸ்துமசுக்குச் சிதம்பரம் போனேன். மகள் வந்து கூட்டிப்போனாள். அவர்கள் வீட்டில் மாப்பிள்ளையின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். குமராட்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியது, வயல் போனது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கறி தின்று முடித்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மாப்பிள்ளைக்குக் கிண்டல் வந்துவிட்டது.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா? எம்பொண்ணுகூட டீச்சராயிட்டா. ஸ்டூடண்டு யாரு தெரியுமா?" என்று என் பக்கம் கையை நீட்டினார். "ஒரே ஒரு மிக்சர் கணக்கு. மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சுது. மார்கழி வந்தாச்சு, இன்னும் ஓடுது."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். பேத்தி மட்டும், "அப்பா, சும்மா இருப்பா," என்றாள்.

"அத்தையக் கிண்டல் பண்ணாதடா," என்றார் வாத்தியார். நல்ல மனுஷர்தான். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது ஒண்ணும் பெரிய கணக்கில்ல அத்த. நான் சொல்றேன் பாருங்க. மொதல்ல எக்ஸுன்னா என்னான்னா..."

பால் குடிக்கிற குழந்தைக்குச் சொல்வதுபோல் வாயை அகலத் திறந்து சொன்னார். அறையில் அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். திட்டு வாங்கலாம். பேத்தியிடம் போனில் வாங்கியது வேறு. இது என்னால் முடியவில்லை.

"பத்தும் இருபதும்," என்றேன்.

"என்னாது அத்த?"

"இருபது சதவீதத்துல பத்து லிட்டர். அம்பதுல இருபது லிட்டர். இதுல ரெண்டு, அதுல பத்து, ஆக பன்னண்டு லிட்டர் ஆசிட். முப்பதுல பன்னண்டு, நாப்பது சதவீதம். சரிதானே?"

வாத்தியார் கையைத் தட்டினார். மாப்பிள்ளை எழுந்து நின்று கும்பிடு போட்டார். எனக்கு முதுகு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். காபி எடுத்து வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்த கெட்டிக்காரிதான்," என்றார் வாத்தியார். "அப்ப நான் ஒண்ணு கேக்குறேன், இதுக்குச் சொல்லுங்க. ஒரு பாட்டில்ல அறுபது பங்கு தீர்த்தம் இருக்கு. மிச்சம் நாப்பது பங்குக்குக் கொழாத் தண்ணிய ஊத்தி ரொப்புறோம். இப்ப பாட்டில்ல எத்தன சதவீதம் தீர்த்தம்?"

"நூறு," என்றேன்.

கூடம் வெடித்தது. வாத்தியார் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அறுபது அத்த, அறுபது! பத்தும் இருபதும் சொன்னீங்க, இதுல கோட்ட விட்டுட்டீங்களே!"

நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. எங்கள் கோயிலில் வேதபாடம் நடத்திய உபதேசியார் நான் சின்னவளாக இருக்கும்போதே சொல்லிவைத்தது. தீர்த்தம் குறைந்தால் சாதாத் தண்ணீர் சேர்க்கலாம். சேர்ப்பது இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அப்போது அத்தனையும் தீர்த்தம்தான். எங்கள் வீடுகளில் அப்படித்தான் செய்கிறோம். அந்த வாத்தியார் வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். இருந்தும் கணக்கு என்று கேட்டால் அறுபது என்றுதான் சொல்ல வேண்டும், நான் நூறு என்றேன். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேத்தி சிரிக்கவில்லை. கையில் கல்கலாப் பலகாரத் தட்டோடு கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்பக்கம் நான் கை கழுவப் போனபோது கூடவே வந்தாள்.

"ஆயா, ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எதுடி?"

"பத்தும் இருபதும்."

குழாயை மூடினேன்.

"தொண்டத் தண்ணி வத்த வத்த சொன்னேன். ஒனக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு."

"வயசாயிடுச்சுடி. ஒரு நேரம் வெளங்குது, ஒரு நேரம் வெளங்கல."

"பொய் சொல்லாத ஆயா. எனக்குச் சொல்லிக்குடுக்க வரல, அப்பன்னா எனக்கே ஒழுங்காத் தெரியலன்னு மிஸ்கிட்ட அழுதேன். மிஸ் திரும்ப மொதல்லேருந்து போடச் சொன்னாங்க. எல்லாரும் அடுத்த பாடம் போயிட்டாங்க, நான் மட்டும் இதையே போட்டுக்கிட்டிருந்தேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. திட்டு எனக்கு, நஷ்டம் எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ போனை வைத்துவிடுவாயே, அதற்காகத்தான் என்று ஒரு வரி. வாய்வரை வந்தது. கூடத்தில் அத்தனை சொந்தக்காரர்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

கடலூர் திரும்பிய பிறகு போன் வரவில்லை. முதல் வாரம், பள்ளிக்கூடம் லீவு, எங்காவது போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு பரீட்சை வருகிறது என்று சொல்லிக்கொண்டேன். கோயில் மணி ஆறு அடிக்கும், நான் அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு போன் பக்கத்தில் போய் உட்காருவேன். இருட்டும். எழுந்து லைட்டைப் போடுவேன்.

"என்னாக்கா, வாத்தியாரம்மா லீவா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"புள்ளைக்குப் பரீட்ச."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. கீரையை ஆய்ந்து முடித்ததும் உடனே எழுந்து போகாமல் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

நானே போட்டிருக்கலாம்தான். ஆனால் நான் என் பிள்ளைகள் எவருக்கும் போன் போட்டதில்லை. பெற்றவள் போட்டால் ஏதோ வேண்டும் என்று கேட்கப் போட்டதாகத்தான் ஆகும். எனக்கு எவரிடமும் ஒன்றும் வேண்டியதில்லை என்றே இருந்து பழகிவிட்டேன்.

பேத்தி பாஸ் பண்ணினாள். கணக்கில் நல்ல மார்க் என்று மகள் சொன்னாள். போனைப் பேத்தியிடம் கொடுத்தாள். "நல்லா எழுதினேன் ஆயா," என்றாள். "சந்தோஷம்," என்றேன். அவ்வளவுதான். அவள் பதினொன்றாவது போனாள்.

ஆடி மாசக் காற்றில் ஒரு சாயங்காலம் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தீர்த்தப் பாட்டிலை எடுத்தேன். அது வீட்டுக்காரர் கொண்டு வந்தது. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தோடு போவார். கடைசியாகப் போனபோது கால் வீங்கியிருந்தது. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இந்தப் பாட்டிலோடு திரும்பி வந்து, "பத்தரமா வெய்யி," என்று கையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தார். அதற்கப்புறம் அவர் நடக்கப் போகவே இல்லை.

இடி இடித்தால் அதிலிருந்துதான் எடுத்துத் தெளிப்பேன். இருட்டும் நேரம் ஒரு சொட்டு தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். பாட்டிலின் நடுவுக்கு மேலே ஒரு வளையம் இருக்கிறது. தண்ணீர் அதுவரை இறங்கினால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவேன். அன்றைக்கும் நிரப்பத்தான் எடுத்தேன். செம்பைச் சாய்க்கும்போது, "அறுபது அத்த, அறுபது" என்ற குரல் காதில் கேட்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அதே மாதிரி காலிப் பாட்டில் ஒன்று இருந்தது. இருமல் மருந்து மூடியால் தண்ணீரை அளந்து ஊற்றினேன். பாட்டில் நிறைய எவ்வளவு, வளையம் வரைக்கும் எவ்வளவு என்று பார்த்தேன். பத்து மூடிக்கு ஏழு மூடி. ஆக முதல் தரம் நான் நிரப்பியபோது நூற்றுக்கு எழுபதுதான் அவர் கொண்டு வந்த தண்ணீர். மறுபடி வளையம் வரைக்கும் இறங்கி மறுபடி நிரப்பியபோது, அந்த எழுபதிலும் பத்துக்கு ஏழுதான் நின்றிருக்கும். நாற்பத்தொன்பது. அடுத்த தரம் முப்பத்து நாலும் சில்லறையும். அதற்கு மேல் எனக்குச் சில்லறை ஓடவில்லை.

தீர்த்தத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அது நூற்றுக்கு நூறு. உபதேசியார் சொன்னது சொன்னதுதான். ஆனால் தீர்த்தம் வேறு, அவர் வீங்கின காலோடு தூக்கி வந்த தண்ணீர் வேறு. அது குறைந்துகொண்டுதான் வந்திருக்கிறது, நானே என் கையால் குறைத்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டும்போல் இருந்தது. ஒரு மூடியாவது இருக்குமா. ஒரு சொட்டாவது.

எத்தனை தரம் நிரப்பினேன் என்பது ஞாபகமில்லை. தெரியாதது அது ஒன்றுதான். எக்ஸ் என்று வைத்தேன். ஆனால் தாளில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேத்தி சொல்லிக்கொடுத்த கணக்கில் எக்ஸ் என்பது லிட்டர், எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இது லிட்டர் இல்லை, தரம். பெருக்கிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவள் சொல்லாத இடம் இது. நாள்காட்டித் தாள் பல கிழிந்தன. பாட்டிலை நிரப்பாமலேயே வைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் மணி ஆறு அடித்தது. நான் போன் பக்கத்தில் உட்காரவில்லை, அதைக் கையில் எடுத்தேன். நம்பரை மகள் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். ஒருமுறை தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து அழுத்தினேன்.

பேத்திதான் எடுத்தாள்.

"ஆயா? என்னாச்சு? ஒடம்பு முடியலியா? இரு, அம்மாவக் கூப்புடுறேன்."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அம்மா வேணாம். ஒரு கணக்கு."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இப்ப லெவன்த் ஆயா. அந்தக் கணக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு."

"எனக்கு முடியலடி."

"திரும்ப நடிக்கிறியா?"

"அப்ப நடிச்சேன். புரிஞ்சுடுச்சுன்னா நீ போன வெச்சிடுற, அதுக்கு நடிச்சேன். இது நெஜமாவே தெரியல."

சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"இரு, பேனா எடுத்துட்டு வரேன்," என்றாள்.

வந்தாள். சொல்லத் தொடங்கினேன். பாட்டில், பத்து மூடி, வளையம், ஏழு மூடி.

"எத்தன தடவ ரொப்புன?"

"அதாண்டி எக்ஸு. அத எங்க போடுறதுன்னுதான் தெரியல."

"இதுல எக்ஸ் மேல ஏறி உக்காரும் ஆயா. சின்னதா, எண்ணோட தலைக்கு மேல."

"தலைக்கு மேலயா? அது என்னா மரியாத கெட்ட எக்ஸு?"

அவள் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று. "இரு, சொல்றேன். மொதல்ல கணக்க முழுசாச் சொல்லு."

"தீர்த்தம்னு எழுதிட்டியா? அத அடிச்சிடு. தாத்தா கொண்டாந்த தண்ணின்னு எழுது. அது இன்னும் பாட்டில்ல எவ்ளோ இருக்குன்னு கேளு."

"எழுதிட்டேன்."

"ஒண்ணும் விட்டுப்போவலியே?"

"இல்ல ஆயா."

"எங்க, மெதுவா ஒரு வாட்டி படிச்சுக் காட்டு."